வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஹூட் மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கும் ஆச்சி அவர்களுக்கு வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு அப்பச்சியையும் ஆத்தாவையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவில், போர்ட்லேண்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து ஹூட் மலையில் உள்ள டிம்பர்லைன் லாட்ஜ் என்ற பழைய விடுதிக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, 78 வயதான அப்பச்சிக்கு அந்த உயரமும் குளிரும் ஒத்துக்கொள்ளுமா, அறை எடுக்காதவர்களை உள்ளே விடுவார்களா, இல்லை ஓர் இரவு தங்கித்தான் வர வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். இரண்டு முறை படித்த பிறகு, அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. பனியில் விளையாட முடியாத இரண்டு பெரியவர்களை அவ்வளவு தூரம் கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்கார வைப்பதற்கு, தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மேல் அல்லவா என்பதுதான் அது. அழைத்துப் போங்கள் என்பதே என் பதில். பனி உங்கள் மகளுக்கு. அந்தக் கட்டடம் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும். அன்றைய நாளில் பனிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். மீதியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

நான் பள்ளத்தூர்க்காரன், கட்டடப் பொறியாளன். போர்ட்லேண்டில் 19 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். அங்கே இருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டும் தனியாகவும் அந்த மலைக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். ஆகவே கட்டடத்தைப் பற்றியும் சாலையைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உடல்நிலையைப் பற்றிச் சொல்வது, பெரியவர்களை அழைத்துப்போன பட்டறிவு மட்டுமே. மருத்துவம் நான் படித்ததில்லை. மலையின் வானிலையைப் பற்றியோ யார் சொன்னாலும், நான் உட்பட, பாதிதான் நம்ப வேண்டும்.

முதலில் உயரம். ஹூட் மலையின் உச்சி 11,200 அடிக்கு மேல். ஓரிகன் மாநிலத்திலேயே அதுதான் உயரமான சிகரம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் நம்மவர்கள் மிரண்டுபோகிறார்கள். விடுதி இருப்பதோ உச்சியில் அல்ல. தென்சரிவில், ஏறத்தாழ 6,000 அடியில். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி, ஊட்டி 7,300 அடிக்கும் மேல். சென்ற மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் அப்பச்சி நன்றாக நடமாடினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட ஆயிரம் அடி தாழ்வான இடத்துக்குத்தான் இப்போது போகிறீர்கள். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. படியேறினால் சற்று மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கொடைக்கானலில் கொட்டாத பனி அங்கே கொட்டுவதற்குக் காரணம் உயரம் மட்டுமல்ல. கொடைக்கானல் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே இருக்கிறது, ஹூட் மலை 45 பாகையில் இருக்கிறது; போதாததற்குப் பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேஸ்கேட் மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. விடுதி இருக்கும் இடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 540 அங்குலம், அதாவது 45 அடி பனி விழுவதாகக் கணக்கு. விழுந்தது அமுங்கி இறுகிவிடும் என்றாலும், ஜனவரி கடைசியில் கட்டடத்தின் கீழ்த்தளச் சன்னல்கள் வெளியே தெரியாத அளவுக்கு அது ஏறியிருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றித்தான். மார்கழியில் 'பனி இறங்குது, தலையில துணியப் போடு' என்று நம் ஊரில் சொல்லும் பனி வேறு, இது வேறு. ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே, சுழியத்துக்கு ஒரு பாகை மேலோ நாலைந்து பாகை கீழோ இருக்கும். காற்றில்லாத நாளில் அது தாங்கக்கூடிய குளிர். காற்று எழுந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும் என்பது பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும். அப்பச்சி இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவருடைய மருத்துவரிடம் இந்த ஒரு நாள் பயணத்தைக் குறிப்பிட்டுச் சொல்லி, போகலாம் என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி உண்டென்றாலோ அண்மையில் இதய சிகிச்சை செய்திருந்தாலோ நான் மேலே சொன்ன 'அழைத்துப் போங்கள்' என்பது செல்லாது. அங்கே முடிவு மருத்துவருடையது. மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் ஆத்தாவின் கைப்பையில் வையுங்கள்.

உடையில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பருத்தி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் துணி நம் வெயிலுக்கு வரம், அந்தக் குளிருக்குச் சாபம். நான் அங்கே போன மூன்றாம் ஆண்டு என் ஆத்தாவை இதே மலைக்கு அழைத்துப் போனேன். 'நான் சேலைதான் கட்டுவேன்' என்று அவர் பிடித்த பிடிக்கு நானும் ஒத்துக்கொண்டு, மேலே ஒரு கோட்டை மட்டும் போட்டுவிட்டேன். காரிலிருந்து வாசல்வரை நடந்த நூறு அடியில் கண்டாங்கிச் சேலையின் கொசுவம் நனைந்தது; உள்ளே போவதற்குள் கீழ் ஒரு சாண் அளவுக்குக் கஞ்சி போட்டு மடித்ததுபோல் விறைத்து, நடக்கும்போது படக் படக் என்று காலில் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்; நான்தான் நாள் முழுக்கக் குற்ற உணர்வோடு அடுப்பருகே அந்தக் கரையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் ஆத்தாவும் சேலைதான் உடுத்துவார் என்றால், அதற்குள் இறுக்கமான தெர்மல் உடை இரண்டு பாகமும், கம்பளிக் காலுறையும், நீர்புகாத பூட்சும் போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, முழங்கால்வரை வரும் நீர்புகாத கோட்டை மேலே போடுங்கள். சேலை நூலாக இல்லாமல் செயற்கை இழையாக இருப்பது நல்லது. அப்பச்சி வேட்டியை அன்று ஒரு நாள் மறந்துவிடத்தான் வேண்டும். குரங்குக் குல்லா போட்டால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாதிப்பேர் அதைத்தான் போட்டிருப்பார்கள். குழந்தைக்குக் கம்பளிக் கையுறை வேண்டாம். பனியைத் தொட்டவுடன் நனைந்துவிடும், நீர்புகாத கையுறை வாங்குங்கள். எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

சாலையைப் பற்றி: போர்ட்லேண்டிலிருந்து விடுதி ஏறத்தாழ 60 மைல். 26-ஆம் எண் நெடுஞ்சாலையில் சாண்டி என்ற சிற்றூரைக் கடந்து கவர்ன்மெண்ட் கேம்ப் வரை போய், அங்கிருந்து இடப்புறம் பிரியும் மலைச்சாலையில் ஆறு மைல் ஏற வேண்டும். தரை காய்ந்திருந்தால் ஒன்றரை மணி நேரம். பனி பெய்யும் சனிக்கிழமை காலையில் அதே தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆன அனுபவமும் எனக்கு உண்டு. தம்பிக்கு வார நாளில் விடுப்பு கிடைத்தால் அதில் போவதே மேல். நவம்பர் முதல் தேதி தொடங்கி ஏப்ரல் முடிய, அங்குள்ள பனிக்கால நிறுத்துமிடங்களில் காரை விட 'ஸ்னோ பார்க்' என்ற அனுமதிச் சீட்டு வாங்கி முன் கண்ணாடியில் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கும் கிடைக்கும், பருவம் முழுமைக்கும் கிடைக்கும். முதல் நாளே வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள். சாலையோரப் பலகை 'சங்கிலி கட்டாயம்' என்று காட்டினால், டயருக்குச் சங்கிலி மாட்டாமல் அல்லது பனிக்கேற்ற டயர் இல்லாமல் மேலே போவது சட்டப்படி குற்றம். ஒருமுறை வாடகைக் காரில் சங்கிலி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் நான் கிளம்பிவிட்டேன். கவர்ன்மெண்ட் கேம்ப் அருகே எடுத்துப் பிரித்தால் அது வேறு அளவு டயருக்கானது. மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு தூக்குச்சட்டி புளியோதரை எல்லாவற்றோடும் திரும்பி வந்தோம். சங்கிலியை வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். ஓரிகன் போக்குவரத்துத் துறையின் 'டிரிப்செக்' தளத்தில் சாலைக் கேமராக்களின் படத்தைப் பார்த்தால் பலகை என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். தம்பிக்குப் பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் வீரம் வேண்டாம்; சாண்டியிலிருந்து மேலே போகும் 'மவுண்ட் ஹூட் எக்ஸ்பிரஸ்' பேருந்து இருக்கிறது.

ஜனவரி கடைசியில் அங்கே ஏழரை மணிக்குத்தான் விடியும், மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். எட்டு மணிக்குக் கிளம்பிப் பத்து, பத்தரைக்குப் போய்ச்சேர்ந்து, மூன்று மணிக்கு மேலிருந்து இறங்கிவிடுவது சரியான கணக்கு. பகலில் உருகிய சாலை ஈரம் வெளிச்சம் போனதும் கண்ணாடிபோல் உறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிக்கட்டியில்தான் பழகியவர்களும் சறுக்குகிறார்கள். சாண்டியிலும் கவர்ன்மெண்ட் கேம்பிலும் பெரியவர்களுக்காக நிறுத்துங்கள். கவர்ன்மெண்ட் கேம்பில் பொதுக் கழிப்பறையோடு ஓய்விடம் உண்டு.

மேலே போய்ச் சேர்ந்தபின் மிகவும் ஆபத்தான இடம் எது என்று கேட்டால், மலையை அல்ல, கார் நிறுத்துமிடத்தைத்தான் காட்டுவேன். உழுது தள்ளிய பனியின் அடியில் மிதிபட்டு இறுகிய பனிக்கட்டி இருக்கும். பெரியவர்கள் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள அதுவே போதும். பெரியவர்களை முதலில் வாசலருகே இறக்கிவிட்டுப் பிறகு காரை நிறுத்தப் போகச் சொல்லுங்கள். பூட்சின் அடியில் ரப்பர் வாரோடு மாட்டிக்கொள்ளும் இரும்பு முள்பட்டை விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். இரண்டு சோடி வாங்குங்கள், உள்ளே நுழைந்ததும் கழற்றிவிடுங்கள். கடும்பனிக் காலத்தில் வாசலுக்கு முன்னால் உருண்டையான குகைபோல ஒரு பாதை வைத்திருப்பார்கள். அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதை விட்டு விலகி, படம் எடுக்கிறேன் என்று கூரையின் இறவாரத்துக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். கூரையிலிருந்து சரியும் பனி முன்னறிவிப்பு இல்லாமல் மொத்தமாக விழும்.

இனி நான் சொல்ல விரும்பி வந்த விஷயம். அறை எடுக்காதவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். கட்டடம் அமெரிக்க வனத்துறைக்குச் சொந்தம். நடத்துவதுதான் தனியார் நிறுவனம். 1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய பொதுப்பணித் திட்டத்தின்கீழ் 1936-இல் வேலையை ஆரம்பித்து, ஏறத்தாழ 15 மாதங்களில் எழுப்பிய கட்டடம் அது. பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு மணிக்கு 90 சென்ட், பயிற்சி இல்லாதவருக்கு 55 சென்ட் கூலி. பலர் மலையிலேயே கூடாரம் போட்டுத் தங்கி வேலை செய்தார்கள். 1937 செப்டம்பர் 28-இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1938 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1977 முதல் அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

உள்ளே போனதும் அப்பச்சியை மேல்தளத்து முன்கூடத்தின் நடுவில் நிறுத்தி, தலையை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு பக்கம் கொண்ட கூடம் அது. அதன் நடுவே மலைக்கல்லால் எழுப்பிய புகைபோக்கி 90 அடிக்கு மேல் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதன் அடியில் இரண்டு தளங்களிலுமாக ஆறு கணப்பு அடுப்புகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் குனியாமல் நுழையக்கூடிய அளவு. சுற்றிலும் ஆறு பட்டையாகச் செதுக்கிய பிரம்மாண்டமான பைன் மரத் தூண்கள். அவற்றின் அருகே போய்க் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்: மரம் செதுக்கும் வாச்சி விழுந்த ஒவ்வொரு வெட்டும் மீன் செதில்போல மரத்தில் அப்படியே இருக்கிறது, அடுப்பின் வெளிச்சம் சாய்வாகப் படும்போது தூண் முழுவதும் அலையடிப்பதுபோல் தெரியும். நம் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணை ஆசாரி இழைத்து இழைத்து, உளி பட்ட தடமே தெரியாமல் ஆக்கியிருப்பார். தடத்தை மறைப்பது நம் ஆசாரியின் பெருமை. அதை விட்டுவைப்பது அவர்களுடைய பெருமை. எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முகப்புத் தூண்களுக்கு நடுவே வளர்ந்த அப்பச்சி போன்ற ஒருவருக்கு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

கூரையையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுக் கூரைகள் உள்பக்கம் சரிந்து, பெய்கிற மழையையெல்லாம் முற்றத்துக்குள் வாங்கிக்கொள்கின்றன. கிடாரம் வைத்து அதைப் பிடித்தது போக மீதி ஊருணிக்குப் போகும்படி அக்காலத்தில் வழி செய்திருந்தார்கள். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பாரத்துக்குத்தான் பயம். ஆகவே கூரை செங்குத்தாக வெளிப்பக்கம் சரிந்து, விழுந்த பனியைத் தள்ளிவிடுகிறது; நடுக்கூடத்தின் கூம்புக் கூரை பின்னாலிருக்கும் சிகரத்தின் வடிவத்தையே ஒட்டி அமைந்திருக்கிறது. வனத்துறையின் கட்டடக் கலைஞர்கள்தாம் வரைந்தார்கள். கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள அவானீ விடுதியை வடிவமைத்த கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் ஆலோசகராக இருந்தார்.

பொருள் வாங்கப் பணம் குறைவு, வேலை செய்யக் கை மிகுதி என்ற நிலையில் எழும்பிய வீடு என்பதால், எதையும் அவர்கள் எறியவில்லை. மாடிப்படிகளின் கைப்பிடித் தூண்கள் பயன்முடிந்த பழைய தேவதாருக் கம்பங்கள். அவற்றின் தலையில் ஆந்தை, கரடி, பீவர் என்று அந்தக் காட்டு விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கணப்புக்குள் விறகைத் தாங்கி நிற்கும் இரும்பு பழைய ரயில் தண்டவாளம். தீப்பொறி வெளியே தெறிக்காமல் தடுக்கும் திரையோ தேய்ந்துபோன டயர் சங்கிலிகளைக் கோத்தது. வழியில் சங்கிலி மாட்டத் திணறிவிட்டு வந்து அதன் முன்னால் உட்காரும்போது தம்பிக்கும் சிரிப்பு வரும். உங்கள் மகளுக்கு அந்தப் படித்தூண் விலங்குகளை எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். எண்பது சொச்சம் ஆண்டுகளாக ஏறி இறங்குகிறவர்களெல்லாம் தடவித் தடவி, ஓர் ஆந்தையின் உச்சந்தலை நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகைபோல் வழவழவென்று ஆகியிருக்கிறது. அவளுடைய கையும் நேராக அங்கேதான் போகும். ஹெய்டி, புரூனோ என்று பெயர் வைத்து செயின்ட் பெர்னார்ட் நாய்களை வளர்ப்பது அந்த விடுதியின் நெடுநாள் வழக்கம். எதிர்ப்பட்டால் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.

ஆத்தாவுக்கு நான் காட்டச் சொல்வது திரைச்சீலைகளையும் தரைவிரிப்புகளையும். உள்அலங்காரம் முழுவதையும் வகுத்தவர் மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற பெண்மணி. அரசின் வேலைத்திட்ட முகாம்களில் கழித்த கம்பளிகளையும் சீருடைத் துணிகளையும் கீறிக் கோத்துப் பெண்கள் விரிப்பு பின்னினார்கள்; சன்னல் திரைகளையும் நாற்காலி உறைகளையும் கைத்தறியில் நெய்தார்கள். நாற்பது ஆண்டு புழக்கத்தில் அவை நைந்துபோனபோது, 1975-இல் தொடங்கிய 'டிம்பர்லைன் நண்பர்கள்' என்ற அமைப்பு பழைய வடிவத்திலேயே அவற்றை மறுபடி நெய்யச் செய்தது. மரத்தையும் கல்லையும் எல்லோரும் காப்பாற்றுவார்கள். நைந்த துணியை அதே கோலத்தில் திரும்ப நெய்து போடுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஓலையைச் சாயம் தோய்த்துக் கொட்டான் முடையத் தெரிந்த எந்த ஆத்தாவும், அந்த விரிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் நகர மாட்டார். (திருப்பக் கூடாது. என் ஆத்தா திருப்பினார்.)

வேலையின் பொருட்டு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். எந்தப் பெருமந்தம் அந்த மலையில் தச்சர்களுக்கு வேலை கொடுத்ததோ, அதே பெருமந்தம்தான் நம் பக்கத்தில் உளிச் சத்தத்தை அடக்கியது. பர்மாவில் நெல் விலை சரிந்து, நம் நகரத்தார் அங்கே வட்டிக்கு விட்ட பணம் திரும்பாமல் நிலமாகக் கையில் வந்து மாட்டியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த விளைநிலம் 1930-இல் 6 விழுக்காடு, 1938-இல் 25 விழுக்காடு. சொத்து பெருகியதுபோல் தோன்றும். புழங்கும் பணம் இல்லை. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் அதுவும் போயிற்று. அதன்பிறகு நாம் பெரிதாக எதுவும் கட்டவில்லை. கட்டியதையும் பங்காளிகளுக்குள் ஒற்றுமை வராமல் விட்டு, நிலைக்கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. டிம்பர்லைனும் நேர்கோட்டில் வாழ்ந்துவிடவில்லை. 1955-இல் நொடித்து மூடிக் கிடந்தது. அதன்பிறகு நடத்த வந்த கோன்ஸ்டாம் குடும்பத்தின் நிறுவனமும், அரசும், மேலே சொன்ன நண்பர்கள் அமைப்புமாக மூன்று கைகள் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தின. அப்பச்சிக்கு உங்கள் பூர்வீக வீட்டின் பங்குப் பேச்சில் கசப்பு இருந்தால், இந்தக் கதையை அடுப்பருகே உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம்.

குழந்தையின் பனி விளையாட்டுக்கு வருகிறேன். விடுதியை ஒட்டிய சரிவில் பனிச்சறுக்குக்காரர்கள் வேகமாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே சறுக்குப் பலகையை வைத்து விளையாட விடாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஓரமாகப் பனிப்பொம்மை செய்வதோடு நிறுத்திக்கொண்டு, சறுக்கி விளையாட வேண்டுமென்றால் திரும்பும் வழியில் கவர்ன்மெண்ட் கேம்பில் உள்ள சம்மிட் மைதானத்தில் காற்றடைத்த டியூபில் சறுக்க விடுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு முக்கால் மணி நேரம் தாராளம். கன்னம் சிவந்து, பேச்சு குறைந்தால் உள்ளே தூக்கி வந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு விடுதியின் உணவுக்கூடம் நன்றாக இருக்கும், விலை நம் கணக்குக்கு மிக அதிகம். எதிரே உள்ள வையீஸ்ட் பகல்நேரக் கட்டடத்தில் எளிய உணவு கிடைக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு காருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு மேலே போவதுதான் எங்கள் வழக்கம். பிளாஸ்கில் காப்பியும் ஒரு டப்பா மாவுருண்டையும் போதும். அந்த முன்கூடத்தில் பொட்டலத்தைப் பிரிப்பது மட்டும் அழகாக இருக்காது.

மலை தெரியுமா என்று கேட்டீர்கள். அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஜனவரியில் பல நாள்கள் விடுதியின் சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றுமிருக்காது. புயல் ஓய்ந்த மறுநாள் வானம் வெளுத்தால், மாடியிலுள்ள பெரிய சன்னலுக்கு நேரே சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். தேதியை முன்பே குறித்துவிடாமல், ஒரு வாரத்தில் அப்படியொரு நாள் வாய்த்தால் கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அணைந்துபோன மலையல்ல. 1780-களிலும் 90-களிலும் வெடித்த எரிமலை. உச்சிக்குக் கீழே இன்றும் ஆவி புகைகிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் கந்தக வாடை மெல்ல வரும். அதனால் உங்களுக்கு ஆபத்து எதுவுமில்லை, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் அதைத் தொடர்ந்து கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பச்சி கேட்டால் சொல்வதற்காகவே இதை எழுதினேன்.

கடைசியாக, ஓர் இரவு தங்கலாமா என்பது. இந்த முறை வேண்டாம் என்பேன். இரவில் பனி கொட்டினால் மறுநாள் சாலையைத் திறக்கும்வரை மேலேயே இருக்க வேண்டி வரலாம். மாத்திரையும் பழக்கப்பட்ட சாப்பாடும் வீட்டில் இருக்க, இரண்டு பெரியவர்களோடு அந்தக் காத்திருப்பு நன்றாக இராது. முதல் நாள் போய்வந்த பிறகு, 'இன்னொரு தரம் போவோமா' என்று அப்பச்சி தாமாகவே கேட்டால் அப்போது அறைக்குச் சொல்லுங்கள். வார நாளில் கிடைக்கும்.